சின்டரிங்: பொடி பாகமாகும் தொழில்

உலோகத்தையோ பீங்கானையோ உருக்கி வார்க்காமல், அதன் பொடியை டையில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்கி, துகளோடு துகளை ஒட்டவைத்துப் பாகம் செய்வது சின்டரிங். மோட்டார் சைக்கிளின் ஆயில் பம்ப் ரோட்டர், ஷாக் அப்சார்பருக்குள் ஓடும் பிஸ்டன், மிக்ஸி மோட்டாரின் புஷ், லேத்தில் மாட்டும் கார்பைடு இன்சர்ட், ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான், பல் மருத்துவர் பொருத்தும் சிர்கோனியா கிரவுன், அணு உலைக்குள் போகும் யுரேனிய வில்லை எல்லாம் இந்த வழியில் பிறப்பவைதான். பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இவற்றைப் பொடி, டை, பிரஸ், உலை என்ற நான்கும் ஒரே தொழிலாகச் சேர்க்கின்றன.

இந்த நான்கில் பெயர் வாங்குவது உலை. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருபவரை முதலில் அதன் வாய்க்கு முன்னால்தான் நிறுத்துவார்கள். உள்ளே காற்று புகாமல் தடுக்க எரியும் சுடர்த்திரை, அதற்குள் மெல்ல நகரும் கம்பிவலை பெல்ட், பெல்ட் நிறையப் பாகங்கள் என்று அங்கே பார்க்க நிறைய உண்டு. ஆனால் பாகத்தின் தலைவிதி அதற்கு முன்பே, பொடி டைக்குள் விழுந்து பஞ்ச் இறங்கி ஏறும் சில நொடிகளில் எழுதப்பட்டுவிடுகிறது. பிரஸ்ஸில் விட்ட குறையை எந்த உலையும் சரிசெய்ததில்லை. பல நேரங்களில் அதைப் பெரிதாக்கிக் காட்டும். தொழிலில் பழகியவர்கள் ரிஜெக்‌ஷன் கூடினால் உலையின் சூட்டுமானியைப் பார்ப்பதற்கு முன் பிரஸ் ஷாப்புக்குப் போவது இதனால்தான்.

உருக்க முடியாத உலோகங்களுக்காகவே இந்த வழி முதலில் தேவைப்பட்டது. பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளவு சூடு தரும் உலை கிடையாது. லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் பிளாட்டினத்தை அமிலத்தில் கரைத்து, பொடியாகப் பிரித்தெடுத்து, ஈரத்தோடு அழுத்தி, சூடாக்கிச் சம்மட்டியால் அடித்து, கம்பியாக இழுக்கக்கூடிய கட்டியாக்கினார். நெடுங்காலம் ரகசியமாக வைத்திருந்த அந்த முறை 1829-ல்தான் அச்சில் வந்தது. ரஷ்யாவில் சொபொலெவ்ஸ்கி ஏறக்குறைய அதே காலத்தில் இப்படியே பிளாட்டினத்தை நாணயம் அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த நெருக்கடி டங்ஸ்டன். 3422 டிகிரியில் உருகும் அதை எந்தப் பாத்திரத்தில் வைத்து உருக்குவது? 1910 வாக்கில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வில்லியம் கூலிட்ஜ், டங்ஸ்டன் பொடியை அழுத்திச் சின்டர் செய்து, சூட்டிலேயே அடித்து நீட்டி, மெல்லிய இழையாக்கினார். குண்டு பல்புக்குள் எரிந்த இழை அதுதான். இன்று இத்தொழிலின் பெரும்பகுதி உருக்கவே முடியாத பொருளுக்காக நடப்பதில்லை. தாராளமாக உருக்கக்கூடிய இரும்புக்காக நடக்கிறது. காரணம் சிக்கனம். பற்சக்கரத்தைக் கம்பியிலிருந்து வெட்டினால் இரும்பில் பெரும்பங்கு சீவலாகப் போகும். பொடியில் போட்ட எடையும் வரும் எடையும் ஏறக்குறைய ஒன்று.

இரும்புப் பொடி முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஸ்வீடனின் ஹோகனாஸ் முறையில், தூய மேக்னடைட் தாதுப் பொடியைக் கரியோடும் சுண்ணாம்புக்கல்லோடும் குழாய்களில் அடுக்கி, நீண்ட சுரங்க உலையில் சுமார் 1200 டிகிரியில் விடுவார்கள். தாதுவிலிருந்த ஆக்சிஜன் போய் ஸ்பாஞ்ச் இரும்பு மிஞ்சும். அதை இடித்துப் பொடியாக்கி ஹைட்ரஜனில் பதப்படுத்துவார்கள். மற்றது உருகிய எஃகின் தாரையை அதிக அழுத்தமுள்ள நீர்த்தாரைகளால் சிதறடிப்பது. ஸ்பாஞ்ச் பொடியின் துகள் உள்ளேயே துளைகள் உள்ளது, முரடானது. அழுத்தியதும் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு நிற்கும். அதனால் சின்டருக்கு முந்தைய பச்சைப் பாகம் எளிதில் பொடியாது. நீரில் சிதறடித்த பொடி கெட்டியானது, அதே அழுத்தத்தில் கூடுதல் அடர்த்திக்குப் போகும். மெல்லிய சுவருள்ள புஷ்ஷுக்கு முன்னதையும், பலம் வேண்டிய பற்சக்கரத்துக்குப் பின்னதையும் எடுப்பது வழக்கம். விலைக்காக இதை மாற்றிப் போட்டால் முதல் நாளே பாகத்தின் ஓரம் உதிரத் தொடங்கும்.

டிரம் வந்து இறங்கியதும் செய்யும் சோதனை மிக எளிது. அடியில் 2.5 மி.மீ. துளையுள்ள ஹால் புனலில் 50 கிராம் பொடியைக் கொட்டி, அது முழுதும் வழிந்து முடிய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நல்ல இரும்புப் பொடி 25 முதல் 30 நொடிக்குள் வழிந்துவிடும். அதே புனலால் 25 கன செ.மீ. கிண்ணத்தை நிரப்பி, தலைதட்டி எடைபோட்டால் தளர்வடர்த்தி கிடைக்கும். நீரில் சிதறடித்த பொடிக்கு அது கன செ.மீ.க்கு 3 கிராம் அளவில் இருக்கும். இந்த இரண்டு எண்களும் முழுத் துறைக்கும் ஆதாரம். பிரஸ்ஸில் யாரும் ஒவ்வொரு பாகத்துக்கும் பொடியை நிறுத்துப் போடுவதில்லை. டையின் குழி நிரம்பும் அளவுதான் எடை. வழிவு குன்றினால் குழி நிரம்பாது, எடை குறையும், அடர்த்தி குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது கண்கூடு. காற்றின் ஈரம் பொடியில் ஏறினால் கோடையில் சரியாக ஓடிய அதே செட்டிங்கில் பாகத்தின் எடை முன்னும்பின்னுமாகும். பொடி அறைக்கு ஈரமகற்றும் இயந்திரம் வைக்காதவர்கள், சேமித்த பணத்தை ஸ்கிராப்பாகக் கொடுத்துவிடுவார்கள்.

வெறும் இரும்புப் பொடியை அழுத்துவதில்லை. பரவலாக ஓடும் ஒரு கலவையில் 2 சதவீதம் செப்பு, 0.8 சதவீதம் கிராஃபைட், அதோடு டையின் சுவரில் உராயாமலிருக்க 0.8 சதவீத அளவில் மெழுகோ ஸிங்க் ஸ்டியரேட்டோ சேரும். கிராஃபைட் இரும்பில் கரைந்து அதை எஃகாக்கும். செப்பு உறுதி தரும். கலப்பது அரை மணி நேர வேலைதான், கலந்ததைக் கலந்தபடியே வைத்திருப்பதுதான் பாடு. கிராஃபைட் இலேசான நுண்பொடி, இரும்பு கனத்தது. ஹாப்பருக்குள் உயரத்திலிருந்து கொட்டினாலும் குழாய் அதிர்ந்தாலும் இரண்டும் பிரியும். ஒரே லாட்டில் முதலில் வந்த பாகமும் கடைசியில் வந்த பாகமும் வேறுவேறு கடினத்தன்மை காட்டினால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். நுண்பொடியை இரும்புத் துகளோடு ஒட்டிவைத்த ரெடிமேட் கலவைகள் விலை கூடினாலும் வாங்கப்படுவதற்கு இந்தத் தொல்லையே காரணம்.

இனி பிரஸ். டை, மேல் பஞ்ச், கீழ் பஞ்ச், நடுத்துளைக்கு கோர் ராடு என்பவை கருவிகள். ஃபீட் ஷூ முன்னே வந்து குழியை நிரப்பிப் பின்வாங்கும், மேல் பஞ்ச் இறங்கும், அழுத்தும், கீழ் பஞ்ச் பாகத்தை வெளியே தள்ளும், அடுத்து வரும் ஷூவே பாகத்தை ஓரமாக ஒதுக்கும். இரும்புக்குச் சதுர செ.மீ.க்கு 4 முதல் 7 டன் வரை அழுத்தம் வேண்டும். 10 சதுர செ.மீ. பரப்புள்ள சிறு பற்சக்கரத்துக்கே 60 டன் பிரஸ் போதுமோ போதாதோ என்றாகும். தளர்வடர்த்தி 3.0, அழுத்திய பின் வேண்டியது 6.9 என்றால் பொடி 2.3 மடங்கு ஒடுங்க வேண்டும். அதாவது 10 மி.மீ. தடிமனுக்குக் குழி 23 மி.மீ. ஆழம்.

தட்டையான பாகத்துக்கு இந்தக் கணக்கு போதும். படியுள்ள பாகத்தில்தான் தொழில் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிகிறார்கள். சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பும் நடுவில் 20 மி.மீ. உயரக் குடமும் உள்ள ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளலாம். படி வெட்டிய ஒரே கீழ் பஞ்ச்சில் இதைச் செய்ய முயன்றால், குடத்துக்கு வேண்டிய 46 மி.மீ. பொடியை நிரப்பும்போது விளிம்பின் மேல் 36 மி.மீ. பொடி நிற்கும். குடம் 2.3 மடங்கு ஒடுங்கும் நேரத்தில் விளிம்பு 3.6 மடங்கு ஒடுங்க வேண்டிவரும். திட இரும்பின் அடர்த்தியே 7.87தான். துளையே இல்லாமல் அமுங்கினாலும் 2.6 மடங்கைத் தாண்ட முடியாது. பொடி நீரைப்போலப் பக்கவாட்டில் ஓடி இடம் மாறிக்கொள்ளாது, விழுந்த இடத்திலேயே அமுங்கும். ஆக, பஞ்ச் உடையும், அல்லது குடம் பொருபொருவென்று நிற்கும். விளிம்புக்கு ஒரு பஞ்ச், குடத்துக்கு ஒரு பஞ்ச் என்று கீழே இரண்டைத் தனித்தனியாக இயக்கி, 23, 46 என்று வேறுவேறு ஆழம் நிரப்பி, இரண்டும் ஒரே விகிதத்தில் ஒடுங்கும்படி நகர்த்த வேண்டும். அப்படிச் செய்தாலும் வெளியே தள்ளும்போது ஒரு பஞ்ச் மற்றதைவிட மயிரிழை முந்தினால் படியின் மூலையில் விரிசல் விழும்.

அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பச்சைப் பாகத்தை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்துப் பிடித்தால், மேற்பரப்பு உலர்ந்த பிறகும் விரிசல் இருக்கும் இடம் மட்டும் ஈரக்கோடாக ஒரு கணம் நிற்கும். டை செட்டர் அதைப் பார்த்துவிட்டுப் பஞ்ச்சின் நேரத்தைத் திருத்துவார், மறுபடி ஒன்றை அழுத்தி முக்கிப் பார்ப்பார். கோடு மறையும்வரை இப்படியே போகும். கோட்டைக் காணாமல் லாட்டை உலைக்கு விட்டால் அந்த விரிசல் சூட்டில் கூடாது. ஹீட் ட்ரீட்மென்ட்டில் வாய் பிளக்கும், அல்லது வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் உடையும்.

படியே இல்லாத பாகத்திலும் அடர்த்தி எங்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. டைச் சுவரின் உராய்வு அழுத்தத்தைத் தின்றுவிடும். மேலிருந்து மட்டும் அழுத்தினால் அடிப்பகுதி தளரும். இருபுறமும் அழுத்தினால் இரு முனைகளும் கெட்டியாகி நடுப்பகுதி தளரும். உயரம் கூடக் கூட இது மோசமாகும். நீள புஷ்ஷைக் குறுக்கே மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் நீரில் எடைபோட்டுப் பார்த்தால் வேறுபாடு எண்ணாகவே வரும். வடிவமைப்பாளர்கள் அனுப்பும் வரைபடங்களில் ஒரே அடர்த்திதான் எழுதியிருக்கும். அது சராசரி என்பதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. குறுக்குத் துளையையும் பக்கவாட்டுக் குழிவையும் செங்குத்தாக இயங்கும் பஞ்ச்சால் செய்யவும் முடியாது, அவற்றைப் பிறகு கடைந்துதான் எடுக்க வேண்டும்.

உலையில் முதல் பகுதி மெழுகைப் போக்குவதற்கு. 500 முதல் 700 டிகிரிக்குள் மெழுகு ஆவியாகி உலைவாயின் பக்கமாக வெளியேற வேண்டும். பெல்ட்டை வேகமாக ஓட்டி உற்பத்தியைக் கூட்ட நினைத்தால், வெளியேறாத ஆவி துளைகளுக்குள்ளேயே கரியாகப் படியும். பாகத்தின் மேற்பரப்பு சோளம் பொரிந்ததுபோல் வெடித்துக் கிளம்பும். அடுத்தது சூட்டுப் பகுதி: இரும்புக்கு 1120 டிகிரி, 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் போகாததற்கு உலோகவியல் காரணத்தைவிடப் பெல்ட்டே பெரிய காரணம். 1150 டிகிரியைத் தாண்டினால் எஃகுக் கம்பிவலை பாரம் தாங்காமல் இழுபடும். கடைசியில் தண்ணீர் உறை சூழ்ந்த குளிர்ப்பகுதி.

உலைக்குள் காற்று இருக்கக் கூடாது. அம்மோனியாவைப் பிளந்தால் முக்கால் பங்கு ஹைட்ரஜனும் கால் பங்கு நைட்ரஜனும் கிடைக்கும். சிறு பட்டறைகள் பல காலம் அதில் ஓடின. இப்போது நைட்ரஜனில் 5 முதல் 10 சதவீதம் ஹைட்ரஜன் கலப்பது வழக்கம். வாயுவின் ஈரம் மைனஸ் 40 டிகிரி பனிநிலைக்குக் கீழே இருந்தால் நல்லது. வெளியே வரும் பாகத்தின் நிறத்தைப் பார்த்தே பழகிய ஆபரேட்டர் கோளாறைச் சொல்லிவிடுவார். வெள்ளிச் சாம்பல் நிறம் சரி. நீலம் பூத்திருந்தால் குளிர்ப்பகுதியில் காற்று ஏறுகிறது. மேல்தோல் மட்டும் மென்மையாக இருந்தால் ஈரம் கரியைத் தின்றுவிட்டது. குளிர்ந்த உலைக்குள் ஹைட்ரஜனை விடுவது உயிரோடு விளையாடுவது. முதலில் நைட்ரஜனால் காற்றைத் துரத்திவிட்டு, உலை போதிய சூடேறிய பிறகே எரிவாயுவைத் திறக்க வேண்டும். இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதாது, வால்வே அந்த வரிசையில்தான் திறக்கும்படி இன்டர்லாக் வைக்க வேண்டும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைத் தாண்டி வந்த தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு இன்னொன்றும் தெரியும். உலையை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. பெல்ட் நின்றால் உள்ளே மாட்டிய பாகம் அத்தனையும் ஸ்கிராப். ஜெனரேட்டர் இல்லாத சின்டரிங் ஷாப் நிலைக்கவில்லை.

உருகாமலேயே துகள்கள் ஒட்டுவது எப்படி? பொடியின் பரப்பு மிகப் பெரிது, பரப்பில் ஆற்றல் உண்டு, பரப்பைக் குறைத்துக்கொள்ளும் போக்கு இயற்கையிலேயே பொருளுக்கு உண்டு. சூடு போதிய அளவு ஏறி அணுக்கள் இடம்விட்டு இடம் நகர முடிந்ததும், இரு துகள்கள் தொடும் புள்ளியில் ஒரு கழுத்து உருவாகித் தடிக்கிறது. இரும்பின் உருகுநிலை கெல்வினில் 1811, சின்டரிங் சூடு 1393. ஏறக்குறைய முக்கால் பங்கு. பெரும்பாலான பொருள்களுக்கு இந்த முக்கால் கணக்கு சுமாராகப் பொருந்தும். 1945-ல் ஃப்ரெங்கலும் 1949-ல் குச்சின்ஸ்கியும் இந்தக் கழுத்து வளர்வதற்குக் கணக்கு எழுதினார்கள். 1950-ல் ஹெர்ரிங் சொன்ன விதி பட்டறைக்கு மிகப் பயன்படுவது: துகளின் அளவு பாதியானால் அதே அளவு சின்டருக்கு ஆகும் நேரம் எட்டில் ஒரு பங்காகவோ, பதினாறில் ஒரு பங்காகவோ குறையும். அணுக்கள் எந்த வழியாக நகர்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

இந்த ஒரே விதிதான் இரும்புக்காரர்களையும் பீங்கான்காரர்களையும் எதிரெதிர் திசையில் அனுப்புகிறது. இரும்புத் துகள் 100 மைக்ரான் அளவு. அரை மணி நேரத்தில் கழுத்து தடிக்குமே தவிர, பாகம் சுருங்காது. சுருங்காமலிருப்பதுதான் இரும்புக்காரருக்கு வேண்டும், டையின் அளவே பாகத்தின் அளவு. செப்பு அதற்குத் துணை செய்கிறது. 1085 டிகிரியில் உருகும் செப்பு இரும்புத் துகளின் எல்லைகளுக்குள் புகுந்து அதைச் சற்று வீங்கவைக்கும், கிராஃபைட் அந்த வீக்கத்தை அடக்கும். இரண்டையும் அளந்து போட்டால் அளவு மாற்றம் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். துளைகள் அப்படியே இருக்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் துளையுள்ள இந்த எஃகின் இழுவலிமை 400 முதல் 500 மெகாபாஸ்கல். ஆயில் பம்ப் ரோட்டருக்கு இது தாராளம். கனெக்டிங் ராடுக்குப் போதாது. அதற்குச் சின்டர் செய்த பாகத்தைச் சூடாக ஃபோர்ஜ் செய்து துளையை மூடுகிறார்கள்.

துளையையே வேண்டிச் செய்யும் பாகம் புஷ். 90 பங்கு செப்பு, 10 பங்கு தகரம். தகரம் 232 டிகிரியிலேயே உருகிச் செப்புக்குள் கரையும், அது இருந்த இடம் துளையாகும். 800 டிகிரியை ஒட்டிச் சில நிமிடங்கள் போதும். முடிவில் கன அளவில் கால் பங்கு வரை ஒன்றோடொன்று தொடர்புள்ள துளை. சைசிங் பிரஸ்ஸில் அளவைத் திருத்தி, வெற்றிடத்தில் எண்ணெய் ஏற்றிவிட்டால், ஷாஃப்ட் சுழலும்போது எண்ணெய் வெளியே கசிந்து படலமாகும், நின்றதும் நுண்துளைகளே அதை உறிஞ்சிக்கொள்ளும். மேசை விசிறியும் மிக்ஸியும் எண்ணெய்க் குப்பியைக் காணாமல் வருடக்கணக்கில் ஓடுவது இதனால்தான். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஷாஃப்ட் இறுக்கமாக இருக்கிறதென்று பழுதுபார்ப்பவர் புஷ்ஷின் உட்புறத்தை எமரித் தாளால் தேய்த்தால் வாழ்நாள் அங்கேயே முடிந்தது. துளைவாய்கள் இழுபட்டு மூடிக்கொள்ளும், எமரியின் மணல் உள்ளே பதிந்து ஷாஃப்ட்டை அரிக்கும்.

கார்பைடு இதற்கு நேர்மாறு. டங்ஸ்டன் கார்பைடு நுண்பொடியோடு 6 முதல் 10 சதவீதம் கோபால்ட்டைத் திரவத்தில் நாள் முழுக்க அரைத்து, உலர்த்தி, அழுத்தி, வெற்றிட உலையில் 1400 டிகிரியை ஒட்டி வைத்தால், உருகிய கோபால்ட் கலவை துகள்களை இழுத்துச் சேர்த்து எல்லாத் துளையையும் அடைத்துவிடும். நீளத்தில் 17 முதல் 20 சதவீதம் சுருக்கம், கன அளவில் ஏறக்குறையப் பாதி. ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல் கண்ட இதை க்ரூப் நிறுவனம் விடியா என்ற பெயரில் விற்றது. லேத் பட்டறைகளில் கார்பைடு டூலுக்கு இன்றும் அதுவே பெயர். கார்பைடில் கரியின் அளவுதான் நூல்மேல் நடை. டங்ஸ்டன் கார்பைடில் கரி 6.13 சதவீதம். கொஞ்சம் குறைந்தால் உடையும் தன்மையுள்ள வேறு கலவை முளைக்கும், கொஞ்சம் மிஞ்சினால் கிராஃபைட் புள்ளிகளாக ஒதுங்கும். கோபால்ட்டோடு கலந்த கார்பைடு தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. அரைக்கும் இடத்திலும் கிரைண்டிங் இடத்திலும் தூசி உறிஞ்சி இல்லாத பட்டறையில் வேலை கற்கப் போகக் கூடாது.

பீங்கானில் துகள் ஒரு மைக்ரானை ஒட்டியது. அதனால் அது சுருங்கியே தீரும். அலுமினா பொடியைத் திரவத்தில் கரைத்துப் பைண்டர் சேர்த்து, தெளித்து உலர்த்திச் சிறு மணிகளாக்கி அழுத்துவார்கள். அழுத்திய பாகத்தில் திடப்பொருள் 55 சதவீதம், மிச்சம் வெளி. காற்றிலேயே 1600 டிகிரிக்கு மேல் சுட்டு 98 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், நீளம் 0.825 மடங்காகும். 20 மி.மீ. வளையம் வேண்டுமென்றால் 24.24 மி.மீ.க்கு அழுத்த வேண்டும். இனிமேல்தான் சங்கதி. அடுத்த லாட்டில் பொடி சற்றே தளர்ந்து விழுந்து, 55-க்குப் பதில் 54 சதவீதம் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். பச்சை வளையம் அதே 24.24தான். வெர்னியரில் எந்த வித்தியாசமும் தெரியாது. சுட்டெடுத்த பிறகு அது 19.87 மி.மீ. ஆகியிருக்கும். 0.13 மி.மீ. சிறுத்துப் போன அலுமினாவை யாராலும் பெரிதாக்க முடியாது. பெரிதாக வந்திருந்தாலும் வைரச் சக்கரத்தால்தான் தேய்க்க முடியும், அந்தச் செலவு பாகத்தின் விலையைத் தாண்டும். உலைக்காரர் சூட்டில் ஒரு டிகிரிகூடத் தவறியிருக்க மாட்டார். பழி என்னவோ அவர்மேல்தான் முதலில் விழும்.

இதையே ஒரே பாகத்துக்குள் காட்டுவது யுரேனிய வில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் எரிபொருள், ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்தில் யுரேனியம் டைஆக்சைடு பொடியை விரல்நுனி அளவு உருளைகளாக அழுத்தி, ஹைட்ரஜனில் 1700 டிகிரியில் சின்டர் செய்து வருவது. இருபுறமும் அழுத்திய உருளையின் நடுப்பகுதி தளர்வாக இருக்கும் என்று மேலே கண்டோம். தளர்ந்த இடம் அதிகம் சுருங்கும். நேரான உருளை உலைக்குள் போய் இடை சிறுத்து வெளியே வரும். குழாய்க்குள் சரியாக உட்கார வேண்டியிருப்பதால் ஒவ்வொரு வில்லையையும் சென்டர்லெஸ் கிரைண்டரில் விட்டு நேராக்குகிறார்கள்.

சுருக்கத்தின் கடைசிக் கட்டம் தனிக் கதை. அடர்த்தி 92 சதவீதத்தைத் தாண்டும்போது துளைகள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்படும். அந்த நேரத்தில் படிகங்கள் வேகமாக வளர்ந்தால் துளைகள் படிகத்துக்குள் சிறைப்பட்டுவிடும், பிறகு எத்தனை மணி நேரம் சுட்டாலும் போகாது. 1950களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ராபர்ட் கோபிள், அலுமினாவில் கால் சதவீத அளவு மக்னீசியா சேர்த்தால் அந்த வளர்ச்சி அடங்கும் என்று கண்டார். துளை முழுதும் போனதால் வெண்பீங்கான் ஒளி ஊடுருவும் குழாயானது. எல்இடி வரும்வரை தெருக்களில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கின் உட்குழாய் அதுவே. சிலிக்கன் கார்பைடுக்கு இதேபோன்ற சாவி சிறிதளவு போரானும் கரியும். ஆர்கானில் 2000 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த சிலிக்கன் கார்பைடு வளையம் பம்ப் செட்டின் மெக்கானிக்கல் சீலில் உட்கார்ந்து மணல் கலந்த தண்ணீரைத் தாங்குகிறது. சிர்கோனியாவைப் பல் லேப்களில் அரைகுறையாகச் சுட்ட கட்டியாக வாங்கி, சுண்ணாம்புபோல் மென்மையாக இருக்கும்போதே பல்லைவிட நாலில் ஒரு பங்கு வரை பெரிதாகக் கடைந்து, 1500 டிகிரியில் சுட்டுப் பல்லின் அளவுக்குச் சுருக்குகிறார்கள். கட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சுருக்க எண்ணைக் கம்ப்யூட்டரில் தவறாகத் தட்டினால் கிரவுன் பல்லில் ஏறாது.

நுண்ணிய உலோகப் பொடியை மெழுகு, பிளாஸ்டிக்கோடு பிசைந்து ஊசி மோல்டிங்கில் வார்க்கும் எம்ஐஎம் முறை, உலோகத்தைப் பீங்கான்காரர் வழிக்குக் கொண்டுபோனது. 1970களில் கலிஃபோர்னியாவில் ரேமண்ட் வீக் தொடங்கிவைத்தது. பல் கிளிப், துப்பாக்கி விசை, கடிகார உறை போன்ற சிறு பாகங்களுக்கு ஏற்றது. 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். பைண்டரை வெளியேற்றுவதே இதில் பாதி வேலை, பாகம் தடித்தால் அது நடக்காது. பெங்களூரு இம்முறையில் உலக அளவில் பேர் பெற்ற ஊர்.

சின்டருக்குப் பிந்தைய வேலைகளில் இரண்டைச் சொன்னால் போதும். 540 டிகிரி நீராவியில் வைத்தால் துளைகளின் சுவரில் கருநீல ஆக்சைடு படர்ந்து வாயை அடைக்கும், கம்ப்ரசர் பாகம் கசியாது. துளையுள்ள பாகத்தை மின்முலாம் தொட்டியில் நேராகப் போட்டால் அமிலம் உள்ளே தங்கி, வாரங்கள் கழித்து வெளிவந்து துருவாகும். ரெசினால் துளையை அடைத்த பிறகே முலாம்.

ஓசூர், சென்னை, கோவை, புனே வட்டாரங்களில் இரும்புச் சின்டரிங் வளர்ந்ததெல்லாம் வாகனங்களை நம்பித்தான். உலகெங்கும் இரும்புப் பொடியில் பாதிக்கு மேல் வாகனங்களுக்கே போகிறது. மின்வாகனத்தில் டைமிங் ஸ்ப்ராக்கெட் இல்லை, வால்வ் சீட் இல்லை, எஞ்சின் ஆயில் பம்ப் இல்லை. ஷாக் அப்சார்பர் பாகங்கள் இருக்கும், கியர்கள் சில இருக்கும். புதிதாக வருவது மோட்டாரின் காந்த உள்ளகம். ஒவ்வொரு இரும்புத் துகளுக்கும் மெல்லிய மின்காப்புப் பூச்சு கொடுத்து அதிக அழுத்தத்தில் அமுக்குவது அது. அதைச் சின்டர் செய்யக் கூடாது, செய்தால் பூச்சு கெட்டுத் துகள்கள் ஒட்டி மின்சாரம் வீணாகும். 500 டிகிரியை ஒட்டிய சூடு போதும். பிரஸ் ஷாப்பில் படியுள்ள பாகத்தைச் சரியாக நிரப்பி அழுத்தத் தெரிந்தவருக்கு அங்கேயும் வேலை உண்டு. 1120 டிகிரி உலைக்கு இல்லை.